நன்னாரி சர்வத்து: பேரைப் பிரித்தால் பக்குவம் தெரியும்

திருநெல்வேலிப் பக்கம் கடைப் பலகையில் 'சர்பத்' என்று எழுதியிருக்கும். வாயில் வரும்போது அது 'சர்வத்து'. "அண்ணாச்சி, ஒரு சர்வத்து" என்று மட்டும் சொன்னால் போதும், கைக்கு வருவது நன்னாரிதான். வேறு வேண்டுமென்றால்தான் பேர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் பேரில் இருக்கும் இரண்டு சொற்களையும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பது நல்லது. வீட்டில் சர்வத்து போட்டுப் பார்த்து "கடை மாதிரி வரலையே" என்று அலுத்துக்கொள்பவர்களின் தவறுகளில் பாதி, இந்தப் பேரைக் கவனிக்காததால் வருவதுதான்.

பின்சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். அரபு மொழியில் 'ஷரிப' என்றால் குடித்தான் என்று பொருள். அதிலிருந்து வந்த சொல் பாரசீகத்தில் 'ஷர்பத்' ஆகி, இனிப்புக் கூட்டிய குளிர்ந்த பானத்துக்குப் பேரானது. மேற்கே போனது துருக்கியில் 'ஷெர்பெத்', இத்தாலியில் 'சொர்பெத்தோ', பிரான்சில் 'சொர்பே'. ஐஸ்கிரீம் கடைகளில் இப்போது விற்கும் சோர்பே இதுதான். அதே அரபு வேரிலிருந்து 'ஷராப்' என்று இன்னொரு சொல் கிளைத்தது. அது இலத்தீனில் 'சிரோப்புஸ்' ஆகி, ஆங்கிலத்தில் 'சிரப்' என்று வந்து சேர்ந்தது. ஆக, பாட்டிலில் இருக்கும் சிரப்பும் கிளாஸில் இருக்கும் சர்பத்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல, இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. வேரைக் கொதிக்கவைத்து, குடிக்கிற அளவுக்கு மட்டும் சீனி போட்டு, அதையே பாட்டிலில் ஊற்றி வைக்கிறார்கள். நம் வெயிலில் அது இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். முதலில் கெட்டியான பாகு, குடிக்கும் நேரத்தில் அதை நீர்க்கவைத்துச் சர்வத்து என்று இரண்டு கட்டமாகத்தான் இதைச் செய்ய வேண்டும். கோயில் திருவிழாவில் கொடுக்கும் பானக்காரம், அதாவது பானகம், அப்படியில்லை, அது கலந்த அன்றே தீர வேண்டியது. பானகம் என்ற அந்தச் சொல்லுக்கும் வடமொழியில் 'பா', குடித்தல் என்பதே வேர். சர்பத் என்றாலும் பானகம் என்றாலும் வெறுமனே 'குடிக்கிறது' என்றுதான் அர்த்தம். என்னத்தைக் குடிக்கிறோம் என்பதை முன்சொல்தான் சொல்ல வேண்டும்.

நன்னாரி

நல் + நாறி என்று இதைப் பிரிப்பவர்கள் உண்டு. நாறுதல் என்பது பழந்தமிழில் மணம் வீசுவது, கெட்ட வாடைக்கு அந்தச் சொல் இறங்கியது பிற்பாடு. எழுத்தில் 'றி' இல்லாமல் 'ரி' இருப்பதால் இந்தப் பிரிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. ஆனால் இதே கொடிக்குள்ள மற்றப் பேர்களில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. சித்த மருத்துவத்தில் நறுநெட்டி, மலையாளத்தில் நறுநீண்டி: நறுமணமுள்ளது, நீளமானது. சுகந்தி என்றாலும் மணம்தான். பாற்கொடி என்பது தண்டைக் கிள்ளினால் பால் வடிவதைச் சொல்கிறது. வடக்கே அனந்தமூல் என்கிறார்கள், முடிவில்லாத வேர் என்று பொருள். கொடி மெலிசாகத் தரையோடு படர்ந்து கிடக்கும், வேரோ தோண்டத் தோண்டப் போய்க்கொண்டே இருக்கும்.

இந்தப் பேர்களைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டு மருந்துக்கடைக்குப் போனால் ஏமாற மாட்டீர்கள். நல்ல நன்னாரி வேர் பென்சிலை விட மெலிசு, நீளம், விறைப்பு. மேல்பட்டை கரும்பழுப்பு, குறுக்கே வெடிப்பு வெடிப்பாக இருக்கும். ஒன்றை ஒடித்தால் பட்டை தனியாக, உள்ளே வெளிறிய நரம்பு தனியாகத் தெரியும். ஒடித்த இடத்தை மோந்து பாருங்கள். வெனிலா மாதிரி ஒரு இனிப்பு மணம், அதோடு கொஞ்சம் மண் வாசம் வர வேண்டும். தூசி வாசம் மட்டும் வந்தால் அது வருஷக்கணக்காக மூட்டையில் கிடந்த வேர். விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எத்தனை கிராம் கூட்டிப் போட்டாலும் போன மணம் வராது.

சதைப்பற்றோடு விரல் தடிமனில் துண்டு துண்டாக இருந்தால் அது மாகாளிக்கிழங்காக இருக்கலாம். ஊறுகாய் போடுகிற கிழங்கு அது. மணம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதற்குக் காரணம் உண்டு: இரண்டிலும் மணம் தரும் முக்கியப் பொருள் 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸிபென்சால்டிஹைடு என்ற ஒன்றேதான். வெனிலாவின் வெனிலினில் எந்தெந்த அணு எத்தனை இருக்கிறதோ அதே கணக்குத்தான் இதிலும், அடுக்கு மட்டும் வேறு. மாகாளியில் சர்வத்து போட்டால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் நெடி தூக்கலாக அடிக்கும், நன்னாரியின் மென்மை வராது.

பேரால் வரும் இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் நன்னாரியை 'இந்தியன் சார்சபரில்லா' என்பார்கள். சார்சபரில்லா என்பது ஸ்பானிய மொழியில் முட்செடி, சிறுகொடி என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. மத்திய அமெரிக்கப் பக்கத்து ஸ்மைலாக்ஸ் என்ற முட்கொடிக்கு அங்கே இட்ட பேர். இங்கே வந்த ஐரோப்பியர்கள் நன்னாரியைப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்த பேரை அதன் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டு செடிக்கும் உறவே கிடையாது. ஆன்லைனில் சார்சபரில்லா பொடி என்று தேடி வாங்கினால் ஸ்மைலாக்ஸ் வந்து சேரும். நாட்டு மருந்துக்கடையில் அந்த இனத்தைச் சேர்ந்தது பறங்கிப்பட்டை. அதைக் கொதிக்கவைத்தால் கஷாயம் கிடைக்கும், சர்வத்து கிடைக்காது. வாங்கும்போது நன்னாரி என்றே கேளுங்கள். 'வேர்' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லையென்றால் பொடியைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

பாகு காய்ச்சுவது

இரண்டு லிட்டர் பாகுக்குக் கணக்கு இது: காய்ந்த நன்னாரி வேர் 100 கிராம், சீனி ஒன்றே முக்கால் கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர், ஒரு எலுமிச்சம்பழம், இரண்டு மேஜைக்கரண்டி பால். பச்சை வேர் கிடைத்தால் 200 முதல் 250 கிராம் வரை வேண்டும். அதை நிழலில் மூன்று நாள் உலர்த்திவிட்டு எடுப்பது இன்னும் நல்லது. பாத்திரம் ஸ்டீல்தான். இரும்புச் சட்டியில் போட்டால் வேரின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து சாறு மைபோலக் கறுத்துவிடும்.

செய்முறையில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: நறுநெட்டியின் 'நறு' ஆவியோடு போய்விடும். வேரைப் போட்டு மூடாமல் அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் தெருவே மணக்கும். தெருவில் மணப்பது அத்தனையும் பாட்டிலுக்குள் இருந்திருக்க வேண்டியது. அதனால் சாற்றை இரண்டு தடவையாக எடுக்க வேண்டும். முதல் சாறு மணத்துக்கு, இரண்டாம் சாறு நிறத்துக்கும் லேசான துவர்ப்புக்கும்.

வேரை ஓடும் தண்ணீரில் பழைய பிரஷ் வைத்துத் தேய்த்து மண் போகக் கழுவுங்கள். ஊறப்போட்டுக் கழுவக் கூடாது, மணம் பட்டையில்தான் இருக்கிறது, அந்தத் தண்ணீரோடு போய்விடும். ஒரு மணி நேரம் நிழலில் ஈரம் உலர்ந்ததும், அம்மியிலோ இடிஉரலிலோ போட்டுத் தட்டுங்கள். பட்டை பிளந்து நரம்பை விட்டு வரும். நரம்பை எடுத்துப் போட்டுவிடலாம், அது வெறும் கட்டை. பட்டையை நைத்தால் போதும், மிக்ஸியில் பொடிக்க வேண்டாம். பொடி துணி வழியாக இறங்கி, பாகு கலங்கலாகி, பாட்டிலின் அடியில் சேறு மாதிரி படியும்.

முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு, நைத்த பட்டை மேல் ஊற்றி இறுக்கமான மூடியால் மூடுங்கள். ராத்திரி ஊற்றினால் காலையில் எடுக்கலாம், பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம். அதற்கு மேல் விட்டால் கோடையில் புளிப்பு வாடை தட்ட ஆரம்பிக்கும். வெள்ளைத்துணியில் வடிகட்டிப் பிழிந்து, அரை லிட்டர் அளந்து தனியே மூடி வையுங்கள். அதற்கு மேல் இருப்பதை இரண்டாம் சாற்றில் சேர்த்துக்கொள்ளலாம்.

பிழிந்த பட்டையில் மறுபடி முக்கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி, சிறுதீயில் இருபது நிமிடம் கொதிக்கவிடுங்கள். இப்போது எவ்வளவு கொதித்தாலும் நஷ்டமில்லை. வடிகட்டி, இதையும் அரை லிட்டராக அளந்துகொள்ளுங்கள். குறைந்தால் தண்ணீர் விட்டு நிரப்பலாம்.

இந்த இரண்டாம் சாற்றில் சீனி முழுவதையும் போட்டுக் கிண்டிக் கரையவிடுங்கள். முதலில் பார்க்கச் சீனி மலைபோலவும் சாறு கொஞ்சமாகவும் தெரியும். பயந்து தண்ணீர் ஊற்றிவிட வேண்டாம், சூடு ஏற ஏறக் கரைந்துவிடும். கொதி வந்ததும் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். சீனி கொஞ்சம் உடைந்து, பிற்பாடு பாகு கற்கண்டு கட்டாமல் இருப்பதற்காக இது. இரண்டு நிமிடம் கழித்துப் பாலை விட்டால் அது திரிந்து சீனி அழுக்கை மேலே கூட்டிக்கொண்டு வரும், கரண்டியால் எடுத்துவிடுங்கள். மொத்தம் ஐந்தாறு நிமிடம் கொதித்தால் போதும். கம்பிப் பதம் பார்க்க இது அதிரசப் பாகு அல்ல.

அடுப்பை அணையுங்கள். எடுத்து வைத்த முதல் சாற்றை இப்போது ஊற்றி, ஒரு கலக்குக் கலக்கி, உடனே மூடிவிடுங்கள். கொதிபாகு 108 டிகிரி அளவில் இருக்கும், ஆறின சாறு சேர்ந்ததும் 85 டிகிரிக்கு இறங்கும். நொதிக்கவைக்கும் கிருமி சாக அந்தச் சூடு போதும், மணமும் பெரும்பாலும் தங்கிவிடும். முற்றிலும் ஆறும்வரை திறக்காதீர்கள். ஆறினதும் மூடியில் கோத்திருக்கும் நீரைப் பாகிலேயே வடியவிட்டு நன்றாகக் கலக்கிவிட வேண்டும். கலக்காமல் விட்டால் அந்த நீர் மேலாக நின்று, மேல்பரப்பு மட்டும் நீர்த்துப்போய், அங்கிருந்துதான் பூசணம் பிடிக்கத் தொடங்கும்.

சரியாக வந்ததா என்று பார்க்கத் தராசு போதும். ஆறின பாகில் 100 மில்லி அளந்து நிறுத்தால் 132 கிராம் பக்கம் இருக்க வேண்டும். அப்படியென்றால் எடையில் நூற்றுக்கு அறுபத்தைந்து அறுபத்தாறு சீனி. 128-க்குக் கீழே போனால் சீனி போதாது, ஒரு மாதத்துக்குள் நுரைத்து, மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று கள் வாடை வரும். 135-ஐத் தாண்டினால் பாட்டில் அடியில் கற்கண்டு கட்டும். அப்படிக் கட்டினால் பாட்டிலை வெந்நீரில் வைத்துக் கரைத்து, இரண்டு மேஜைக்கரண்டி கொதித்த தண்ணீர் விட்டால் சரியாகிவிடும். நுரைத்துப்போனதைக் காப்பாற்ற முடியாது. மறுபடி கொதிக்கவைத்தால் நுரை அடங்கும், மணமும் சேர்ந்து போய்விடும். கீழே ஊற்றிவிடுவதே மேல்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேரிலிருந்து மட்டும் வரும் நிறம் பால் விடாத கட்டன் சாயா மாதிரிச் செம்பழுப்புதான். கடைப் பாட்டிலின் கறுப்பு வேண்டுமென்றால் நான்கு டீஸ்பூன் சீனியைத் தனியாக வெறும் சட்டியில் கருக்கி, வெந்நீர் விட்டுக் கரைத்துச் சேர்க்கலாம். புகை கிளம்பும் முன் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் கசக்கும். ரத்தச் சிவப்பில் பளபளக்கும் பாகு எதுவானாலும் அந்தச் சிவப்பு வேரில் இருந்து வந்ததல்ல.

சீனியும் கருப்பட்டியும்

சென்னையில் சர்க்கரை என்பதை நம் பக்கம் சீனி என்கிறோம். சீன தேசத்தது என்று பொருள். சர்க்கரைக்கு வடமொழி மூலம் 'சர்க்கரா', பருக்கைக் கல் என்பது அதன் இன்னொரு பொருள். இந்தச் சர்வத்துக்கு வெள்ளைச் சீனியே பொருத்தம், ஏனென்றால் அதற்கென்று தனி மணம் கிடையாது. உடன்குடிக் கருப்பட்டி பக்கத்தில் இருக்கும்போது சீனி எதற்கு என்று கேட்பார்கள். கருப்பட்டி நல்ல பொருள்தான். ஆனால் அதன் மணம் நன்னாரியைத் தூக்கி விழுங்கிவிடும், மிஞ்சுவது கருப்பட்டித் தண்ணீர். ஆசைப்பட்டால் சீனியில் கால் பங்குக்கு மட்டும் கருப்பட்டி போட்டு, தனியே கரைத்து மண் வடிகட்டிச் சேருங்கள். கருப்பட்டியில் ஈரம் உண்டு என்பதால் பாகை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பனங்கற்கண்டானால் இந்தச் சங்கடம் குறைவு, சீனியின் எடைக்கே போடலாம்.

கிளாஸில் கலப்பது

300 மில்லி கிளாஸுக்குப் பாகு 35 மில்லி: மேஜைக்கரண்டியால் இரண்டு, டீஸ்பூனால் ஒன்று. அரை மூடி எலுமிச்சை, சிட்டிகை உப்பு, ஊறின சப்ஜா இரண்டு டீஸ்பூன், மண்பானைத் தண்ணீர் 150 மில்லி, ஐஸ் மூன்று கட்டி. ஐஸை அள்ளிப் போடாதீர்கள். ரொம்பக் குளிர்ந்தால் மணம் எழும்பாது, வெறும் இனிப்புத்தான் தெரியும்.

எலுமிச்சைக்குப் புளியங்குடி பேர்போன ஊர், அங்கிருந்து வரும் பழத்தில் சாற்றுக்குக் குறைவிருக்காது. பிழிவது அந்தந்த நேரத்துக்கு இருக்கட்டும். காலையில் பிழிந்து வைத்த சாறு மத்தியானம் கசக்கும். கொட்டை விழுந்தாலும், தோலை நசுக்கிப் பிழிந்தாலும் கசப்பு சீக்கிரம் ஏறும்.

சப்ஜா என்பது பாரசீகத்தில் பச்சை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நம் பேரும் திருநீற்றுப்பச்சிலை விதை என்று பச்சையைத்தான் சொல்கிறது. ஒரு டீஸ்பூன் விதையை ஒரு டம்ளர் வெறும் தண்ணீரில் போட்டால் இருபது நிமிடத்தில் கண்ணாடி போல ஊதிவிடும். பாகிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறப்போட்டால் சரியாக ஊறாமல் நறநறவென்று பல்லில் மாட்டும்.

சோடா சர்வத்துக்கு ஊற்றும் வரிசை முக்கியம். பாகு, எலுமிச்சை, உப்பு, சப்ஜா எல்லாவற்றையும் முதலில் கலக்கிவிட்டு, கடைசியில் சோடாவைக் கிளாஸின் ஓரமாகச் சரித்து ஊற்ற வேண்டும். பாகு கனம், அடியில் தங்கும். நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை மேலே தூக்கிவிட்டால் போதும். சுழற்றிக் கலக்கினால் கேஸ் போய்விடும். சோடாவுக்குப் பிறகு உப்பு போட்டால் பொங்கி வழியும். கோலி சோடா கிடைத்தால் அதுவே நல்லது, காரம் கூடுதலாக இருக்கும். அந்தக் கோலி பாட்டில் இங்கிலாந்துக்காரர் ஹைராம் காட் 1872-இல் காப்புரிமை எடுத்தது. சோடாவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும்.

பால் சர்வத்துக்கு எலுமிச்சை கூடாது என்று சொல்லத் தேவையில்லை. காய்ச்சி ஆறவைத்துக் குளிர்ந்த பால் 150 மில்லிக்குப் பாகு 30 மில்லி. பாகில் இருக்கும் அந்த ஒரு பழச் சாறு இரண்டு லிட்டருக்குப் பரவியிருப்பதால் பால் திரியாது, ஆனால் சூடான பாலில் ஊற்றிப் பரிசோதிக்க வேண்டாம். மதுரைக்காரர்கள் இதே பாகைச் சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, ஐஸ்கிரீமோடு சேர்த்து ஜிகர்தண்டா என்கிறார்கள். ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி. பேரே மருந்துச்சீட்டு மாதிரி இருக்கிறது.

நுங்கு வரும் மாதங்களில் இரண்டு சுளையைத் தோல் உரித்துப் பொடியாக நறுக்கிப் போடலாம். அப்போது சப்ஜா வேண்டாம், இரண்டும் வழவழப்பு. பதனீரில் பாகு ஊற்றுவது மட்டும் வீண் வேலை. ஏற்கெனவே தித்திப்பு, அதற்கென்று தனி வாசம், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

35 மில்லி பாகில் ஏறக்குறைய 30 கிராம் சீனி இருக்கிறது. சீனி வியாதிக்காரர்களுக்குக் கலக்கும்போது "கொஞ்சமா ஊத்துனேன்" என்ற சமாதானம் செல்லாது. அவர்களுக்குப் பாகு வேண்டாம். முதல் சாற்றை மட்டும் எடுத்து, நான்கு மடங்கு தண்ணீர், எலுமிச்சை, உப்பு சேர்த்து அன்றே கொடுத்துவிடலாம், மணத்துக்குக் குறைவிருக்காது. பாகு ஊற்றும் பாட்டில் கண்ணாடியாக இருக்கட்டும், கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் கவிழ்த்து ஈரம் போக உலர்த்தியது. ஈரக் கரண்டியை உள்ளே விடாமல் சாய்த்து ஊற்றியே எடுத்தால் வெளியிலேயே இரண்டு மாதம் நிற்கும்.